பனியில் கருகிய கொடி செத்த கொடி அல்ல!

வீட்டுத் தோட்டம்



சென்ற இதழில் தொட்டியில் புதினாவும் கொத்தமல்லியும் வளர்ப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கீரைப் பாத்தி பற்றி எழுதலாமென்று பேனாவை எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்துவிட்டது. கல்யாணமாகி மலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம். வாசலில் ஆசையாய் வைத்த ஜாதிமல்லிக் கொடி மார்கழிப் பனியில் நெருப்பில் வாட்டியது போல் கருகிவிட்டதாம். "செத்த கொடியை வாசலில் வைத்திருக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது பிடுங்கிப் போட்டுவிடட்டுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. கீரைப் பாத்தி எங்கே போய்விடப் போகிறது? அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சகோதரிக்கு அன்றைக்கே 'தயவுசெய்து பிடுங்காதீர்கள்' என்று தனியாகக் கடிதம் போட்டுவிட்டேன். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் என்று குளிர்ப் பிரதேசத்தில் வீடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பிரயோஜனப்படட்டும் என்று இதை எழுதுகிறேன். ஏனென்றால், அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

அம்மா கொடுத்த பிச்சி

என் பிறந்த ஊர் தோவாளைப் பக்கம். பூவுக்குப் பேர் போன இடம். நீங்கள் ஜாதிமல்லி என்று சொல்வதை எங்கள் ஊரில் பிச்சி என்போம். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அம்மா வைத்த பிச்சிக் கொடி ஒன்று உண்டு. நான் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அந்தக் கொடியின் பூவைத்தான் தலையில் வைத்துக்கொண்டு போனேன்.

2004-ல் என் கணவருக்கு ஊட்டிக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று அம்மா, வேர் பிடித்த பதியன் ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். "அங்க என்ன குளிரானாலும் இது பிடிச்சுக்கிடும் மக்களே. மார்கழி பிறந்ததும் மறக்காம வெட்டிவிடு, அப்பதான் பூக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நானும் அப்படியே செய்தேன். ஜூன் மாதம் நட்ட கொடி நன்றாகப் பிடித்து, ஐப்பசியில் நாலைந்து பூ கூடப் பூத்தது. மார்கழி பிறந்ததும் அம்மா சொன்னபடி கத்தரித்தேன். பத்து, பதினைந்து நாளில் பொடிப் பொடியாகத் தளிர் விட்டது. என் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா! ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், புல் தரை முழுக்க உப்பைக் கொட்டியது போல் வெள்ளை வெளேரென்று இருந்தது. வெயில் ஏறியதும் என் பிச்சியின் தளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. இரண்டு நாளில் தண்டும் கறுத்தது.

போகி வந்தது. செத்த கொடி வீட்டில் எதற்கு என்று மண்வெட்டியால் கொத்திப் பிடுங்கி வேலியோரம் எறிந்துவிட்டேன்.

காணும் பொங்கலன்று பக்கத்து வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். அரசு தாவரவியல் பூங்காவில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலியோரம் கிடந்த கொடியைக் கையில் எடுத்தவர், அடித்தண்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறினார். கறுத்த தோலுக்கு அடியில் பச்சை! "என்னம்மா, உயிரோட இருந்த செடியையா பிடுங்கிட்டீங்க? வேரில் இவ்வளவு உயிர் இருந்திருக்கே! பங்குனி வரைக்கும் விட்டிருந்தா அடியிலேருந்து தானா கிளம்பியிருக்குமே!" என்றார்.

அவசர அவசரமாகத் திரும்ப நட்டுப் பார்த்தேன். நாலு நாள் வெயிலில் காய்ந்த வேர் என்ன செய்யும்? பிடிக்கவில்லை.

அம்மா தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "பிச்சி பிடிச்சிட்டா மக்களே?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எப்படியாவது ஊருக்குப் போய் இன்னொரு பதியன் எடுத்து வந்து வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று ஒரு நினைப்பு. நான் ஊருக்குப் போவதற்குள், ஆவணியில் அம்மா போய்விட்டார்கள்.

அந்தப் பெரியவர் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்ததும், பிறகு இத்தனை வருஷம் நானே பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இனி நான் எழுதப் போவது.

பனி என்ன செய்கிறது?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர் வாக்கில். ஏற ஏறக் குளிர் கூடும். அதனால் குன்னூரில் காகிதப்பூ காடாய்ப் பூத்துக் கிடக்க, அதே போத்தை ஊட்டியில் வைத்தால் திணறும். 'அவங்க வீட்டில் வருதே, நம்ம வீட்டில் ஏன் வரலை?' என்று மனம் உடைந்து போகாதீர்கள்.

மலையில் மழை ஓய்ந்ததும் முதலில் நீர்ப்பனி விழும். அது செடிக்குக் கெடுதல் இல்லை. அதன் பிறகு, நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் உறைபனிக் காலம். மேகம் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் இருக்கிற ராத்திரியில்தான் உறைபனி விழும். மேகம் என்பது பூமிக்குக் கம்பளி மாதிரி. கம்பளி இல்லாத ராத்திரியில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடுகிறது. வெப்பமானி 2, 3 டிகிரி காட்டினாலும் புல்மேல் உறைபனி இருக்கும். புல்லும் இலையும் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுவதே காரணம்.

இலைக்குள் இருக்கிற நீர் உறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் நுண்ணறைகள் சேதமாகிவிடும். இளந்தளிரில் நீர்ச்சத்து அதிகம், தோலும் மெல்லிசு. அதனால் முதலில் போவது தளிர். முற்றிய தண்டு ஓரளவு தாங்கும். மண்ணுக்குள் இருக்கும் வேரோ பத்திரமாக இருக்கும். நம் மலையில் பனி மேலேதான் விழுகிறதே தவிர, மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை. கருகிய கொடி செத்த கொடி அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

இடம் பார்த்து வையுங்கள்

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தள் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி அதிகம் என்று பேப்பரில் படிக்கிறோமே, காரணம் இதுதான். ஊருக்கு உள்ள சட்டம்தான் உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் கொடியை வைக்காதீர்கள். மேட்டுப் பக்கம், வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள்.

எந்தச் சுவர்? பலரும் காலை வெயில் நல்லது என்று கிழக்குச் சுவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறைபனி விழுகிற இடத்தில் அதுவே ஆபத்து. உறைந்த இலையில் சுள்ளென்று வெயில் பட்டால் சட்டென்று உருகி, சேதம் இன்னும் அதிகமாகும். தெற்கு அல்லது மேற்குப் பார்த்த சுவர் உத்தமம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சுவருக்குப் பகல் முழுக்க வெயில் கிடைக்கும். அந்தச் சூட்டைச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சமையலறையின் வெளிச்சுவர் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

சுவரை ஒட்டினாற்போல் குழி தோண்டாதீர்கள். ஓர் அடியாவது தள்ளித் தோண்டுங்கள். கூரை இறப்பை மறைத்துக்கொள்வதால் சுவரோரத்தில் மழைத் தண்ணீரே விழாது. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல் மண்ணோடு மக்கிய தொழு உரம் பாதிக்குப் பாதி கலந்து குழியை நிரப்புங்கள். கொடி ஏற மூங்கில் தட்டியோ, ஆணி அடித்துக் கம்பியோ கட்டும்போது, சுவருக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் தென்மேற்குப் பருவ மழையில் சாம்பல் நோய் வந்துவிடும்.

புதுக் கொடி நட ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல காலம். டிசம்பருக்குள் வேர் ஆழமாக இறங்கியிருக்கும். அக்டோபரில் நட்டால் பச்சைக் குழந்தையைக் குளிரில் கிடத்துவது போலத்தான்.

எந்தக் கொடி குளிருக்கு ஏற்றது?

பாங்ஷியா ரோஜா: முள்ளே இல்லாத கொடி ரோஜா. மஞ்சளிலும் வெள்ளையிலும் குட்டிக் குட்டிப் பூக்கள் கொத்துக் கொத்தாய்க் கொடியை மூடிவிடும். சீனாவிலிருந்து 1807-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, தாவரவியல் அறிஞர் ஜோசப் பாங்ஸின் மனைவி பெயர் வைக்கப்பட்ட ரோஜா இது. பனிக்கு அசையாது. ஆனால் வருஷத்தில் ஒரு முறைதான், பனிக்காலம் முடிந்த கையோடு பூக்கும்.

மற்ற கொடி ரோஜாக்கள்: கம்பத்தில் செங்குத்தாக ஏற்றிவிட்டால் உச்சியில் மட்டும் பூத்துவிட்டு நிற்கும். நீளமான கிளைகளைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் சிறு கிளை எழும்பி, நீளம் முழுக்கப் பூக்கும். இது ஒன்றைச் செய்து பாருங்கள், அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'என்ன உரம் போட்டே?' என்று கேட்பார்கள்! நம் நீலகிரி, பழனி மலைகளின் சோலையோரங்களில் வெள்ளையாய்ப் பூக்கிற காட்டு ரோஜாக்கொடி ஒன்று உண்டு. லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தாவர நூலில் தாங்கியிருக்கிறது. அதைப் பார்த்தால், கொடி ரோஜாவுக்கு இந்த மலை எவ்வளவு ஒத்துப் போகிறது என்று புரியும். பார்த்து ரசிப்பதோடு சரி, காட்டிலிருந்து பிடுங்கி வரக் கூடாது.

ஹனிசக்கிள்: போத்து வைத்தாலே வரும். சாயங்காலமானால் வாசல் முழுக்க வாசம். வெள்ளையாய்ப் பூத்து, பிறகு மஞ்சளாய் மாறும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருப்பது தனி அழகு. உறைபனியை நன்றாகத் தாங்கும். ஆனால் வெட்டி அடக்காவிட்டால் கூரைக்குள் புகுந்துவிடும், ஜாக்கிரதை.

ஸ்வீட் பீ: இது ஒரு பருவத்துக் கொடி. ஜனவரி கடைசி, பிப்ரவரியில் விதைத்தால் மே மாதம் ஊட்டி மலர்க் காட்சி சமயத்துக்கு உங்கள் வீட்டிலும் ஒரு மலர்க் காட்சி நடக்கும். விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நாலு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். நம் மலை மண் புளிப்பு மண். இதற்கு அது பிடிக்காது. விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் பாத்தியில் கொஞ்சம் டோலமைட் சுண்ணாம்பு கலந்து கிளறிவிடுங்கள். பூவைப் பறிக்கப் பறிக்கப் பூக்கும். காய்க்க விட்டால் நின்றுவிடும்.

ஜாதிமல்லி: சாதாரண குண்டுமல்லி உறைபனிக்கு நிற்காது. அதைத் தொட்டியில் வைத்து, பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஜன்னலோரம் கொண்டுவந்துவிடுங்கள். ஜாதிமல்லி கொஞ்சம் வைராக்கியமான செடி. மேலே கருகினாலும் அடியிலிருந்து கிளம்பும். சமவெளி மாதிரி கூடை கணக்கில் பூக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். தலைக்கு வைக்க, சாமிக்குப் போடக் கிடைக்கும்.

பனிக்காலத்தில் பாதுகாப்பு

1. செப்டம்பருக்குப் பிறகு யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை நிறுத்திவிடுங்கள். அது தளிரைக் கிளப்பும். தளிர் பனிக்குப் பலியாகும்.

2. நவம்பரில் கொடியின் அடியில், ஓர் அடி சுற்றளவுக்கு, காய்ந்த இலைச் சருகை நாலு அங்குலம் கனத்துக்குப் பரப்புங்கள். இந்த மூடாக்குதான் வேருக்குப் போர்வை. தண்டை ஒட்டிக் குவிக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

3. வானம் துடைத்துவிட்டது போல் இருக்கிற நாளில், பிற்பகல் 3 மணிக்குள் வேரடியில் தண்ணீர் விடுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். இலைமேல் ஊற்ற வேண்டாம்.

4. சின்னக் கொடிகளைச் சாயங்காலமே மூடிவிடுங்கள். தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலாரால் மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிலார் கிடைத்தால் அது. இல்லாவிட்டால் பழைய சாக்கு, பழைய பருத்திப் புடவை. நாலு குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். இலைமேல் படியக் கூடாது. பிளாஸ்டிக் தாள் வேண்டாம். அது பட்ட இடமெல்லாம் கருகும். வெயில் வந்ததும் எடுத்துவிட மறக்காதீர்கள்.

5. மூட மறந்து, காலையில் பனி படிந்திருந்தால், வெயில் படுவதற்கு முன்னால் சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பூவாளியால் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள். பூங்காவில் புல்தரைக்கு அதிகாலையில் தண்ணீர் தெளிப்பதும் இதற்காகத்தான். சீக்கிரம் உருகட்டும் என்று வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள்!

கத்தரிக்கோலைப் பூட்டி வையுங்கள்

இதுதான் முக்கியம். டிசம்பரிலும் ஜனவரியிலும் கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள்.

அம்மா எனக்குச் சொன்னது தப்பில்லை. சமவெளியில் ஜாதிமல்லியை மார்கழியில், டிசம்பர் கடைசி வாக்கில், கவாத்து செய்வதுதான் முறை. தோவாளைக்கு அது சரி. ஊட்டிக்கு அது விஷம். வெட்டியதும் தளிர் வரும். வந்த தளிரை ஜனவரிப் பனி பொசுக்கும். செடி தன் சேமிப்பையெல்லாம் செலவழித்துத் தளிர் விட்டு, அதுவும் போனால் எப்படித் தாங்கும்? இங்கே ஜாதிமல்லிக்குக் கவாத்து மாதம் பங்குனிதான்.

கருகிய இலையும் தண்டும் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்! அந்தக் கருகல்தான் உள்ளே இருக்கும் நல்ல தண்டுக்கு அடுத்த பனியிலிருந்து மறைப்பு. மார்ச் மாதம், பனி போய்விட்டது என்று நிச்சயமானதும், நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் கீறிக்கொண்டே வாருங்கள். பழுப்பாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது. பச்சை தெரிகிற இடம் வந்ததும், அதற்கு அடுத்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுங்கள். தரைவரை பச்சையே தெரியாவிட்டாலும் பிடுங்காதீர்கள். தரையோடு வெட்டிவிட்டுச் சித்திரை, வைகாசி மழை வரைக்கும் காத்திருங்கள். அதற்குப் பிறகும் துளிர்க்காவிட்டால் அப்புறம் பார்க்கலாம்.

இன்னொரு சூட்சுமம். எல்லாக் கொடியும் ஒரே மாதிரி பூப்பதில்லை. ஜாதிமல்லி இந்த வருஷத்துப் புதுக் கிளையில் பூக்கும். அதனால் பங்குனியில் வெட்டினால் பூ நஷ்டமில்லை. பாங்ஷியா ரோஜாவோ போன வருஷம் வளர்ந்த கிளையில் பூக்கும். அதைப் பூக்கும் முன்னால் வெட்டினால் அந்த வருஷத்துப் பூ மொத்தமும் போச்சு. என் வீட்டில் இதுவும் நடந்தது. ஒரு வருஷம் பிப்ரவரியில் எல்லாக் கொடியையும் 'சுத்தமாக' வெட்டிவிட்டு, ஏப்ரலில் எங்கள் கொடி மட்டும் பச்சை மொட்டையாய் நிற்க, எதிர்வீட்டுக் கொடி மஞ்சள் பட்டு உடுத்தி நின்றதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! பாங்ஷியாவைப் பூத்து முடிந்த பிறகுதான் தொட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

அழகாக இருக்கிறதே என்று எல்லாக் கொடியையும் வைத்துவிடக் கூடாது. நீல நிற மார்னிங் குளோரி, நீளமான பழம் காய்க்கிற வாழைத் தாட்பூட் கொடி இரண்டும் வேலி தாண்டிக் காட்டுக்குள் ஏறி, சோலை மரங்களைப் போர்த்தி அமுக்குகின்றன. ஏற்கெனவே இவை நம் மலையில் பரவிக் கிடக்கின்றன. நாம் வேறு சேர்த்து வளர்க்க வேண்டாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. ஸ்வீட் பீ காய், பார்க்கப் பச்சைப் பட்டாணி மாதிரியே இருக்கும். ஆனால் விதையில் விஷம் உண்டு. ஊட்டிப் பட்டாணியை உரித்து வாயில் போட்டுப் பழகிய குழந்தைக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? காய் பிடிக்க விடாமல் பூவாகவே பறித்துவிடுங்கள். மார்னிங் குளோரி விதையும் ஹனிசக்கிள் பழமும் வாயில் வைக்கத் தக்கவை அல்ல. தப்பித் தவறிக் குழந்தை தின்றுவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல், அந்தக் காயையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

மறுபடி வந்த பிச்சி

அம்மா போன பிறகு ஊரில் வீட்டை விற்றுவிட்டோம். வாங்கினவர்கள் கிணற்றடியைச் சமன் பண்ணிவிட்டார்கள். அம்மாவின் கொடி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2006-ல் நாகர்கோவிலுக்கு மதினி வீட்டுக்குப் போயிருந்தபோது, மாடிப்படி ஓரம் ஒரு பிச்சி பூத்திருந்தது. "இது எங்கேயிருந்து மதினி?" என்றேன். "உங்கம்மை தந்ததுதான். உனக்கு ஒண்ணு தந்தாவளே, அன்னைக்கு எனக்கும் ஒண்ணு தந்தாவ" என்றார்கள்.

அதிலிருந்து ஒரு பதியன் எடுத்து வந்தேன். இந்தத் தடவை சமையலறைச் சுவரோரம் நட்டேன். முதல் பனிக்காலத்தில் அதுவும் கருகத்தான் செய்தது. தினம் அதைத் தாண்டிப் போகும்போது கை அரிக்கும். தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனி பாதியில், சருகை விலக்கிப் பார்த்தேன். தரையை ஒட்டி, அரிசி அளவுக்குச் சிவப்பாய் இரண்டு முளை! அந்தக் கொடி இன்றைக்கும் இருக்கிறது. ஒவ்வொரு மார்கழியும் கருகுகிறது, ஒவ்வொரு பங்குனியும் கிளம்புகிறது. இதை நான் எழுதுகிற இன்று கூட ஜன்னலுக்கு வெளியே கறுத்துப் போய்த்தான் தொங்குகிறது. யாராவது வீட்டுக்கு வந்தால், "என்னங்க, செத்த கொடியை வாசலில் வச்சிருக்கீங்க?" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டு நகத்தால் கீறிக் காட்டுவேன்.

கேத்திச் சகோதரியே, போகிக்குப் பழைய பாயையும் கிழிந்த கூடையையும் கழித்துக் கட்டுங்கள். கொடியை விட்டுவிடுங்கள். அடியில் சருகு போட்டு மூடுங்கள். பங்குனியில் பச்சை தெரிந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

அடுத்த இதழில் கீரைப் பாத்தியில் சந்திப்போம். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்!